ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மேனிஃபோல்டை அதன் இடத்தில் இறக்குவது எப்படி: சர்வே குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆழ்கடல் கட்டுமானக் கப்பலில் சர்வே குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையை எடுத்துக்கொள்வோம். காகிநாடாவுக்குத் தென்கிழக்கே ஒரு எரிவாயு வயல், ஆழம் சுமார் 1000 மீட்டர், தரை இளகிய களிமண், இறக்க வேண்டியது மட்மேட் எனப்படும் அகலமான அடித்தட்டின் மேல் உட்காரும் ஒரு மேனிஃபோல்டு, அதாவது பல கிணறுகளின் குழாய்களை ஒன்றுசேர்க்கும் கட்டமைப்பு. கடலும் ஆழமும் மாறினாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

திரையில் தெரியும் இலக்குப் பெட்டிக்குள் மேனிஃபோல்டின் புள்ளியைக் கொண்டுவருவதுதான் வேலை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது கடைசி அரை மணி நேரத்து வேலை. புள்ளி பெட்டிக்குள் இருக்க, மேனிஃபோல்டு மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தால், காரணத்தை டெக்கிலோ கணினிக் கோப்பிலோதான் தேட வேண்டியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, கிரேன் கொக்கி மாட்டுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

1. எண்களைக் கேட்டு வாங்குங்கள்

வரைபடத்தில் இலக்குப் புள்ளியின் ஆயத்தொலைவு இருக்கும். அது மேனிஃபோல்டின் எந்தப் புள்ளிக்கு என்று கேளுங்கள். மட்மேட்டின் நடுவா, ஒரு குறிப்பிட்ட ஹப்பின் (குழாய் இணையும் முனை) நடுவா, தூக்கு புள்ளிக்கு நேர் கீழா? இவற்றுக்கிடையே இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

ஹெடிங் (கட்டமைப்பு பார்க்கும் திசை) எந்த வடக்கிலிருந்து அளந்தது, கட்டமைப்பின் எந்தப் பக்கம் ‘முன்’ என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முன்பக்கம் எது என்று இரண்டு வரைபடங்கள் இரண்டு விதமாகச் சொல்வது அபூர்வமல்ல. கவனிக்காவிட்டால் மேனிஃபோல்டு 180 பாகை திரும்பி உட்காரும்.

அனுமதிக்கப்பட்ட விலகலும் தெரிய வேண்டும். இடத்துக்குச் சில மீட்டர், ஹெடிங்குக்குச் சில பாகை, சாய்வுக்கு அதைவிடக் குறைவு என்பது வழக்கமான அளவு. இந்த எண்கள் பின்னால் பொருத்தப்போகும் ஸ்பூல் என்ற இணைப்புக் குழாய் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதிலிருந்து வந்தவை. அது புரிந்தால் எந்த எண்ணில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதும் புரியும். பெரும்பாலும் இடத்தைவிட ஹெடிங்தான் பிடிவாதமான எண்.

2. ஆயத்தொலைவு முறையைச் சரிபாருங்கள்

இந்தப் பகுதி யூடிஎம் என்ற உலக வரைபடக் கட்ட முறையில் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. நடுத் தீர்க்கரேகை 81 பாகை கிழக்கு. இன்றைய வேலைகள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையான பூமி மாதிரி) நடக்கின்றன, ஆனால் பழைய கிணறுகளின் ஆயத்தொலைவுகள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய மாதிரியில் இருக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் தள்ளும். எந்தப் பட்டியலில் எந்த டேட்டம் என்று எழுதியில்லையோ, அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது கட்ட வடக்குக்கும் (வரைபடக் கட்டக் கோடுகள் காட்டும் வடக்கு) மெய் வடக்குக்கும் உள்ள கோணம். கைரோ என்ற திசைக்கருவி மெய் வடக்கைக் காட்டும், வரைபடம் கட்ட வடக்கில் இருக்கும். 82.5 பாகை கிழக்கு, 16.5 பாகை வடக்கில் இந்த வித்தியாசம் சுமார் 0.43 பாகை. நடுத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால், மெய்த் திசையிலிருந்து இதைக் கழித்தால் கட்டத் திசை வரும். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் பிழை இரட்டிப்பாகும். ஹெடிங் விலகல் 2 பாகை வரை அனுமதி என்றால், முக்கால் பாகைக்கு மேல் இங்கேயே கரைந்துபோகும். 30 மீட்டர் ஸ்பூல் ஒன்றின் முனையில் 0.43 பாகை என்பது 22 செ.மீ.

தூர அளவிலும் இப்படி ஒரு ஜோடித் திருத்தம் உண்டு. மேற்சொன்ன இடத்தில் யூடிஎம் அளவுக் காரணி ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ 8 செ.மீ. குறைத்துக் காட்டும். 1000 மீட்டர் ஆழத்தில் அளந்த தூரத்தை நீள்வட்ட மட்டத்துக்குக் கொண்டுவந்தால் கிலோமீட்டருக்கு 16 செ.மீ. கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் 7 முதல் 8 செ.மீ. சர்வே மென்பொருள் இதைத் தானாகவே செய்துவிடும். ஆழத் திருத்தத்தை மென்பொருளும் செய்ய, யாரோ ஒருவர் எக்செல் தாளில் இன்னொரு முறை செய்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. தெரிந்த இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, வரும் தூரத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

3. கட்டமைப்பைக் கரையிலேயே அளந்துவிடுங்கள்

கடலடியில் நமக்குக் கிடைப்பது டிரான்ஸ்பாண்டரின் (ஒலியால் கேட்டால் ஒலியால் பதில் தரும் கருவி) இடம் மட்டும்தான். மேனிஃபோல்டின் இடம் அதிலிருந்து கணக்குப் போட்டு வருவது. எனவே டிரான்ஸ்பாண்டர் வாளிகள் (அவற்றைச் செருகும் கூடுகள்), கைரோ பீடம், ஹப்புகள், மட்மேட்டின் நான்கு மூலைகள் எல்லாவற்றையும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கோண-தூர அளவியால் கரையில் இருக்கும்போதே அளக்க வேண்டும். கப்பலில் ஏற்றிய பிறகு டெக் ஆடும், இடமும் நெருக்கமாக இருக்கும், வெல்டிங் ஆட்கள் குறுக்கே வருவார்கள்.

அளவுகளை மென்பொருளில் ஏற்றும்போதுதான் விபத்து நடக்கிறது. ஒரு மென்பொருளில் எக்ஸ் வலது பக்கம், ஒய் முன்பக்கம், இசட் மேல்நோக்கி. இன்னொன்றில் எக்ஸ் முன்பக்கம், ஒய் வலது, இசட் கீழ்நோக்கி. அளந்த குழு ஒன்றைப் பின்பற்றியிருக்கும், நீங்கள் இன்னொன்றில் வேலை செய்வீர்கள்.

இதைப் பிடிக்க எளிய வழி: தாளையும் கணினியையும் வைத்துவிட்டு மேனிஃபோல்டு அருகே போய் நில்லுங்கள். முன்பக்கம் பார்த்து நின்று, ‘டிரான்ஸ்பாண்டர் ஒன்று எனக்கு வலது பக்கம், பின்னால், தலைக்கு மேல்’ என்று வாயால் சொல்லுங்கள். இன்னொருவர் திரையில் அதே வடிவம் வருகிறதா என்று பார்க்கட்டும். குழந்தைத்தனமாகத் தெரியும். ஆனால் குறி மாறியதை இதைவிட வேகமாகக் காட்டும் முறை எனக்குத் தெரியாது.

டிரான்ஸ்பாண்டர் குறைந்தது இரண்டு வையுங்கள், ஒன்றுக்கொன்று எதிர் மூலைகளில். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும் என்பது ஒரு காரணம். இரண்டும் உயிரோடு இருக்கும்போது, அவற்றுக்கிடையே கிடைக்கும் தூரமும் திசையும் உங்கள் அளவுகளையும் கைரோவையும் ஒருசேரச் சோதிக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வாளி, உச்சியில் பார்வை மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். பைப்புக்கும் பேனலுக்கும் நடுவே ஒளித்து வைத்தால் கடலடியில் நடும் டிரான்ஸ்பாண்டர் வலையமைப்பில் பாதிக்கு அதன் குரல் கேட்காது.

4. கைரோவைக் கட்டமைப்போடு ஒத்துப்போகச் செய்யுங்கள்

ஃபைபர் ஆப்டிக் கைரோவை இயக்கியதும் வரும் எண்ணை நம்பாதீர்கள். அதற்கு அட்சரேகை கொடுக்க வேண்டும், நிலைபெற நேரம் விட வேண்டும். பூமியின் சுழற்சியை உணர்ந்துதான் அது வடக்கைக் கண்டுபிடிக்கிறது. முந்தைய வேலையின் அட்சரேகை உள்ளே அப்படியே கிடந்தால் திசை பிசகலாம்.

கைரோவைப் பீடத்தில் எவ்வளவு நேராகப் பொருத்தினாலும் ஒரு சிறு கோணம் மிஞ்சும். டெக்கில் இருக்கும்போதே டோட்டல் ஸ்டேஷனால் மேனிஃபோல்டின் நடுக்கோட்டுக்கும் கப்பலின் நடுக்கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளங்கள். கப்பல் கைரோவோடு அதைக் கூட்டினால் மேனிஃபோல்டின் உண்மையான ஹெடிங். மேனிஃபோல்டு கைரோ காட்டுவதை இதிலிருந்து கழித்தால் திருத்தம். ஒரு நொடி எடுத்த எண்ணை வைத்து முடிக்காமல், கொஞ்ச நேரம் பதிவுசெய்து சராசரி எடுங்கள்.

இதற்கு முன்னால் கப்பல் கைரோவே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது அதைச் செய்வது சுலபம், காகிநாடாவை விட்டுக் கிளம்பிய பிறகு பாடு.

சாய்வுமானிக்கும் இதே முறை. கூடவே ஆர்ஓவியின் (மேலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி) கேமராவில் தெரிகிற மாதிரி ஒரு குமிழ் மட்டத்தைத் திருகி வையுங்கள். மின்னணு எல்லாம் படுத்துவிட்டாலும் குமிழ் சாய்வைச் சொல்லும்.

5. ஒலி வேகத்தை அன்றைக்கே அளங்கள்

இங்கே மேற்பரப்பில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போல ஓடும். ஆயிரம் மீட்டரில் நீர் குளிர்ந்து 1490-ஐ ஒட்டி இறங்கும். சராசரி வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் தப்பினால், 1000 மீட்டர் தூரத்தில் 67 செ.மீ. போகும்.

கோதாவரியில் வெள்ளம் வரும் மாதங்களில் மேல் அடுக்கில் நன்னீர் கலந்து ஒலி வேகம் மாறிப்போகும். போன வாரத்து வேக விவரம் அப்போது செல்லாது. அளவியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் கிடைக்கும் இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஒத்துப்போகவில்லை என்றால் மீண்டும் இறக்குங்கள்.

அழுத்தத்திலிருந்து ஆழம் எடுக்கும் உணரியில் காற்றழுத்தத்தைக் கழிக்க மறக்க வேண்டாம். ஒரு மில்லிபார் ஏறக்குறைய ஒரு செ.மீ. நீருக்குச் சமம். காற்றழுத்தம் முழுவதையும் விட்டுவிட்டால் 10 மீட்டர் தப்பும். அதை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் ஆபத்து குறைவு. இரண்டு உணரிகளில் ஒன்றுக்கு மட்டும் பழைய மதிப்பு கொடுத்துவைப்பதுதான் கண்ணில் படாமல் தப்பிக்கும்.

6. டிரான்ஸ்பாண்டர் வலையமைப்பைப் பரப்புங்கள்

கப்பலிலிருந்தே அளக்கும் யூஎஸ்பிஎல் போதாதா என்று கேட்பார்கள். அது கோணத்தை அளக்கிறது. கோணப் பிழை ஆழத்தோடு பெரிதாகும். சாய்தூரத்தில் 0.2 சதவீதம் என்று நல்லபடியாகக் கணக்கிட்டாலும் 1000 மீட்டரில் 2 மீட்டர், அதோடு கப்பலின் ஆட்டம் வேறு. எல்பிஎல் முறையில் கடலடியிலேயே டிரான்ஸ்பாண்டர்களை நட்டு அவற்றிலிருந்து தூரங்களை அளக்கிறோம். அங்கே துல்லியம் நீரின் ஆழத்தைச் சார்ந்திருப்பதில்லை. டெசிமீட்டர் அளவு கிடைக்கும்.

மூன்று தூரம் இருந்தாலே இடம் கிடைத்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்று பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. ஐந்து அல்லது ஆறு வையுங்கள், இலக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்குமாறு. ஒரே பக்கமாகக் குவிந்தால் அந்தத் திசைக்குக் குறுக்கே துல்லியம் சரியும்.

டிரான்ஸ்பாண்டரைத் தரையோடு தரையாக வைக்காமல் முக்காலியில் சில மீட்டர் உயர்த்துங்கள். இந்த ஆழத்தில் ஒலி வேகம் கீழே போகப் போகக் குறைவதால் ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளையும். இரண்டு டிரான்ஸ்பாண்டருக்கு நடுவே ஒரு சிறு மேடு இருந்தாலும் பாதை அடைபடும். இளகிய களிமண்ணில் முக்காலி மெல்லச் சரியவும் செய்யும். நட்டு ஒரு இரவு விட்டு அளப்பது நல்லது.

அளவுத்திருத்தம் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் டிரான்ஸ்பாண்டர்கள் தங்களுக்குள் தூரம் அளந்துகொள்ளும், இது வலையின் வடிவத்தைத் தரும். அப்புறம் கப்பல் சுற்றிவந்து ஒவ்வொன்றுக்கும் தூரம் எடுக்கும், இது வலையை உலக ஆயத்தொலைவில் உட்கார வைக்கும். வடிவம் செ.மீ. கணக்கில் துல்லியமாக இருக்கும், உலகத்தோடு கட்டுவதில் மீட்டர் அளவு பிசகு இருக்கலாம். இதில் பதற ஒன்றுமில்லை. மேனிஃபோல்டும் கிணறும் குழாய் முனையும் ஒரே வலையில் இறங்கினால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் சரியாகவே இருக்கும்.

அதனால்தான் சரிசெய்த ஆயத்தொலைவுகளை ஒருமுறை ஒப்புக்கொண்ட பிறகு நடுவில் கை வைக்கக் கூடாது. ஷிஃப்ட் மாறிவந்தவர் ‘இன்னும் கொஞ்சம் நல்ல விடை வருகிறது’ என்று மறுபடியும் கணக்கை ஓட்டி, முந்தைய கோப்பின் மேலேயே சேமித்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில் வந்த குழுவுக்கு எல்லா இலக்குகளும் முக்கால் மீட்டர் நகர்ந்திருந்தன. கோப்புக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துப் பூட்டிவிடுங்கள்.

பக்கத்தில் வேறு கப்பல் வேலை செய்தால் ஒலி அலைவரிசைத் திட்டத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். இரு தரப்பும் ஒரே முகவரியில் கூப்பிட்டால், வரும் பதில் யாருக்கு என்று தெரியாது.

7. தரையைப் பாருங்கள்

ஆர்ஓவியை அனுப்பி இலக்கைச் சுற்றித் தரையைக் காணொளியாக எடுங்கள். குப்பை, பழைய கம்பி, சரிவு, குழி. மட்மேட்டின் ஒரு மூலை குழிக்குள் போனால் சாய்வு எல்லையை மீறும், சர்வே எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. முடிந்தால் இலக்கு மூலைகளில் குறியீட்டு மிதவைகளை வையுங்கள், இரவு ஷிஃப்டில் ஆர்ஓவி பைலட் நன்றி சொல்வார்.

8. நீரில் இறக்குவதற்குமுன் கடைசிச் சோதனை

எல்லா டிரான்ஸ்பாண்டரும் டெக்கில் பதில் தருகிறதா, பேட்டரி எவ்வளவு, கைரோ தரவு வருகிறதா, திரையில் வடிவம் சரியான பக்கம் பார்க்கிறதா. இதைப் படித்து ‘சரி’ சொல்பவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும்.

எந்தச் சூழலில் வேலையை நிறுத்தி மேலே எடுப்பது என்பதையும் இப்போதே எழுதி, கிரேன், டிபி (கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி நகர்த்தும் குழு), ஆர்ஓவி, கிளையண்ட் பிரதிநிதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். தரைக்கு மூன்று மீட்டர் மேலே மேனிஃபோல்டு தொங்கும்போது நடக்கும் விவாதத்தில் சத்தமாகப் பேசுபவர்தான் ஜெயிப்பார்.

9. இறக்கம்

ஏற்கெனவே கிணறோ குழாயோ இருக்கும் இடத்துக்கு நேர்மேலே மேனிஃபோல்டைக் கப்பலிலிருந்து வெளியே தூக்காதீர்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். பாதுகாப்பான தூரத்தில் நீரில் இறக்கி, கீழே போன பிறகு இலக்கை நோக்கி நகர்வது முறை.

அலைப்பகுதியைத் தாண்டி ஐம்பது மீட்டர் போல இறங்கியதும் நிறுத்தி டிரான்ஸ்பாண்டர்களையும் கைரோவையும் மறுபடி கேளுங்கள். இங்கே கோளாறு தெரிந்தால் திரும்ப எடுப்பது சின்ன வேலை.

அப்புறம் இறக்கிக்கொண்டே போகலாம். சில ஆழங்களில் கம்பியும் சுமையும் சேர்ந்து அலையோடு ஒத்ததிர்வு கொள்ளக்கூடும். அந்த ஆழங்கள் எவை என்று நிறுவல் பொறியாளர் கணக்குப்போட்டு வைத்திருப்பார். ‘ஒரு நிமிடம் நிறுத்துங்கள், தரவு பார்க்கிறேன்’ என்று அங்கே கேட்காதீர்கள்.

கிணற்றில் வாளி விடுகிற மாதிரி, கப்பலுக்கு நேர் கீழே மேனிஃபோல்டு இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆயிரம் மீட்டர் கம்பி ஒரு பாகை சாய்ந்தால் கீழே 17 மீட்டர் தள்ளியிருக்கும். நீரோட்டம் ஆழத்துக்கு ஆழம் திசை மாறவும் செய்யும். கிரேன் முனை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காமல், மேனிஃபோல்டின் டிரான்ஸ்பாண்டர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

தரைக்கு ஐம்பது மீட்டர் மேலே நிறுத்துங்கள். யூஎஸ்பிஎல் இடமும் எல்பிஎல் இடமும் சில மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். இருபது மீட்டர் தள்ளியிருந்தால் எது சரி என்று தெரியும்வரை கீழே போக வேண்டாம்.

இலக்கை நோக்கி நகர்த்தும்போது கிரேனைச் சுழற்றாமல் கப்பலை நகர்த்தச் சொல்லுங்கள், ஐந்து மீட்டர், இரண்டு மீட்டர், ஒரு மீட்டர் என்று குறைத்துக்கொண்டே. கப்பல் நகர்ந்த பிறகு மேனிஃபோல்டு மெதுவாகத்தான் பின்தொடரும். புதியவர்கள் ‘இன்னும் வரவில்லையே’ என்று அடுத்த நகர்வைக் கேட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வந்து இலக்கைத் தாண்டிப் போகும், பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். நகர்த்துங்கள், ஊசல் அடங்கும்வரை காத்திருங்கள், பிறகு கேளுங்கள்.

10. கடைசி ஐந்து மீட்டர்

ஆர்ஓவி வந்து மேனிஃபோல்டைப் பிடித்து ஹெடிங்கைத் திருப்பும். கம்பியில் முறுக்கு இருந்தால் அது எதிர்த்துத் தள்ளும், ஆர்ஓவியின் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முதலில் ஹெடிங், பிறகு இடம் என்று போங்கள். திருப்பும்போது இடமும் கொஞ்சம் நகரும் என்பதால், இடத்தை முதலில் சரிசெய்தால் அந்த வேலை வீண்.

ஆர்ஓவியின் உந்திகள் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் சில தூரங்கள் காணாமல் போவது இயல்பு. எந்த டிரான்ஸ்பாண்டரின் பதில் விடுபடுகிறது என்று பாருங்கள், ஆர்ஓவி நிற்கும் பக்கத்தில் இருப்பதன் பதில் விடுபட்டால் மறைப்புதான் காரணம். பைலட்டை மறுபக்கம் போகச் சொன்னால் தீரும்.

ஹெடிங், இடம், சாய்வு மூன்றும் எல்லைக்குள் வந்து, சில நிமிடம் அப்படியே நின்ற பிறகு இறக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி பெட்டிக்குள் வந்துபோன புள்ளியைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ‘இறக்கு’ என்ற சொல் ஒரே ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். யார் அது என்று கிரேன் இயக்குபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தரையைத் தொட்டதும் சேறு கிளம்பிக் கேமரா இருண்டுவிடும். ஒலி அளவுகள் தொடர்ந்து வரும், அவற்றைப் பாருங்கள்.

11. சுமையை விடுவதற்குமுன்

தொட்டவுடன் முழுச் சுமையையும் தரைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கம்பியில் கொஞ்சம் இழுவையை வைத்துக்கொண்டு ஹெடிங், இடம், சாய்வு மூன்றையும் மறுபடி படியுங்கள். எல்லைக்கு வெளியே என்றால் இப்போதே தூக்கிவிட வேண்டும். களிமண்ணில் மட்மேட் அழுந்தி நேரம் ஆக ஆக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுக்க மேனிஃபோல்டின் எடையைவிடக் கூடுதல் விசை வேண்டும். ‘எதற்கும் பத்து நிமிடம் பார்ப்போம்’ என்பது இங்கே பொறுமை ஆகாது.

மட்மேட்டுக்குப் பதில் உறிஞ்சு தூண்கள் (உள்ளே இருக்கும் நீரைப் பம்பால் இழுத்துத் தரைக்குள் இறக்குபவை) இருந்தால் இன்னும் கறார். தன் எடையில் தரைக்குள் புதைந்த பிறகு ஹெடிங்கைத் திருப்ப முடியாது, பம்ப் போடுவதற்குமுன் முடிவு எடுத்தாக வேண்டும்.

எல்லாம் சரி என்றால் படிப்படியாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் நான்கு மூலைகளின் அமிழ்வை ஆர்ஓவி பார்க்கட்டும். மட்மேட் ஓரத்தில் செ.மீ. கோடுகள் பெயின்ட் அடித்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. அடிக்கவில்லை என்றால் ஊகம்தான்.

12. இறுதி அளவு, பிறகுதான் சாமான் எடுப்பது

கொக்கி கழன்று, ஆர்ஓவி தள்ளிப்போய், சத்தம் அடங்கிய பிறகு அரை மணி நேரம் தரவு பதிவுசெய்யுங்கள். இரண்டு டிரான்ஸ்பாண்டர்களிலிருந்தும் தனித்தனியாக மேனிஃபோல்டின் இடத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஹெடிங்கை மேனிஃபோல்டு கைரோவிலிருந்து எடுத்த பிறகு, ஆர்ஓவியை அதன் பக்கவாட்டில் இணையாக ஒட்டிவைத்து ஆர்ஓவி கைரோவையும் படியுங்கள். இரண்டும் ஒரு பாகைக்கு மேல் விலகினால் மேலே எதையும் எடுக்க வேண்டாம், டெக்கில் எடுத்த திருத்தத்தின் குறியை முதலில் பாருங்கள்.

கைரோவையும் டிரான்ஸ்பாண்டரையும் கழற்றி மேலே கொண்டுவர எல்லாருக்கும் அவசரம் இருக்கும், அடுத்த கட்டமைப்புக்கு அதே கருவிகள் வேண்டுமே. இறுதி எண்களில் கிளையண்ட் பிரதிநிதி கையெழுத்து போடும்வரை அவை கீழேயே இருக்கட்டும்.

வலையமைப்பை அதற்கும் பிறகு எடுக்கலாம். ஸ்பூல் வெட்டுவதற்கான நுட்ப அளவு பெரும்பாலும் இதே வலையை நம்பித்தான் நடக்கும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். வங்கக் கடலில் அக்டோபரிலேயே புயல் காலம் வந்துவிடும் என்பதால், பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும், கப்பல் எப்போது திரும்பி வரும் என்ற இரண்டு தேதிகளையும் முன்பே சேர்த்துப் பார்த்துவையுங்கள். ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டரின் விடுவிப்புக் குறியீடும் அச்சடித்த தாளில் சர்வே குழுத் தலைவரான பார்ட்டி சீஃபின் கோப்பில் இருக்கட்டும். எடுக்க வருகிற குழுவில் நீங்கள் இல்லாமல் போகலாம்.